காவல் சம்மனசும் கயிறு பிடிக்கிற மாமாவும்

தூத்துக்குடியில் என்னை முதலில் சந்தேகித்தவர் சுங்கத்து அதிகாரி. அவரைக் குறை சொல்ல முடியாது. அங்கே கப்பல் கரைக்கு வருவதில்லை. ஆழம் போதாது என்று தொலைவிலேயே நின்றுவிடுகிறது. பிறகு படகு ஒன்று வந்து நம்மை ஏற்றிக்கொண்டு, ஒவ்வோர் அலைக்கும் ஒருமுறை நனைத்து, கரையில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. தலை கலைந்து, சேலை முழங்கால்வரை ஈரமாகி, ஆண் துணை இல்லாமல் ஒரு பெண் வந்து நின்றால் யாருக்கும் இரண்டு கேள்வி தோன்றத்தான் செய்யும்.

அவர் என் பெட்டியை விட்டுவிட்டுக் கையிலிருந்த பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே ஒரு வெள்ளைக் கவுன், வலைத்துணி முக்காடு, மெழுகுப் பூ வைத்த முடி, ஒரு சோடி சின்ன வெள்ளைச் சப்பாத்து.

"யாருக்குக் கலியாணம்?"

"கலியாணம் இல்லை. புதுநன்மை உடுப்பு."

கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாளைப் புதுநன்மை என்கிறார்கள். இது எனக்கே கொழும்புக்கு வந்த பிறகு தெரிந்த விஷயம்.

"நீ வேதக்காரியா?"

"இல்லை."

"பின்ன ஒனக்கு எதுக்கு இது?"

கொழும்பில் கன்னியர் மடத்துப் பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் ஆக்னேசு தன் அக்காள் மகளுக்குக் கொடுத்தனுப்பினாள் என்றேன். துணி கிடைக்காத காலம். அவர் முக்காட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இதன் மறைவில் வேறு எத்தனை கஜம் வைத்திருக்கிறாள் என்று என் இடுப்பையும் பார்த்தார். கடைசியில் ஒரு காகிதத்தை நீட்டி, மைப்பெட்டியைக் கட்டைவிரலுக்காக என் பக்கம் தள்ளினார். "பேனா கொடுங்கள்" என்றேன். தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டவள் நான். என் பெயரை ஆங்கிலத்தில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் எழுதினேன். அதன்பிறகு அவர் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

ஆக்னேசின் அக்காள் பிலோமினாவின் வீடு கடற்கரையை ஒட்டிய ஓட்டு வீடு. கணவர் மிக்கேல் சங்கு குளிக்கிறவர். முத்துக்குளிப்பு நடந்து பல வருஷமாகிவிட்டது. முத்துச்சிப்பி வருகிறபோது வரட்டும் என்று சங்குக்குத்தான் எல்லோரும் மூழ்குகிறார்கள். அவர்களுடைய ஒரே மகள் லூர்து. வயது பத்து. வருகிற ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை. கவுனைப் போட்டுப் பார்த்தபோது அவள் சிரிக்கவில்லை. பொத்தான்களை எண்ணினாள். "சித்தி ஒரு பொத்தான் கூடுதலா வச்சி அனுப்பியிருக்காவளா? ஒண்ணு உதிந்துச்சுன்னா?" என்று கேட்டாள். பிலோமினா மகளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னைக் கட்டிக்கொண்டு, "நீங்க எங்க வீட்டுப் பிள்ளை டீச்சர்" என்றாள். அது புதன்கிழமை.

அன்று ராத்திரிச் சாப்பாடு சீலா மீன் குழம்பு. எங்கள் பக்கத்தில் மீனைத் தேங்காய்ப்பாலில் குளிப்பாட்டி எடுப்போம். இங்கே புளியும் மிளகாயும் போட்டு நாக்கோடு சண்டைக்கு விடுகிறார்கள். ரேஷன் அரிசியில் கல் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். தொட்டுக்கொள்ளச் சங்குச் சதை வற்றல் வைத்தார்கள். அது ரப்பர்போல இருந்தது. மென்று முடிப்பதற்குள் ஒரு கதையே கேட்டுவிடலாம், கேட்டேன்.

சொன்னவர் சவேரி, பிலோமினாவின் தம்பி. மிக்கேல் கடலுக்குள் இறங்கும்போது மேலே தோணியில் நின்று கயிறு பிடிப்பவர் அவர்தான். இடுப்புக் கயிற்றைக் கீழேயிருந்து ஓர் இழுப்பு இழுத்தால் அந்தக் கணமே தூக்க வேண்டும். இந்த ஊரில் அந்தக் கயிற்றைக் கண்டவர் கையில் கொடுப்பதில்லை. மனைவியின் உடன்பிறந்தான்தான் பிடிக்க வேண்டுமாம்.

"ஏன் மச்சினன்தான் பிடிக்க வேண்டும்?" என்று கேட்டேன்.

"வேற ஆளுன்னா பீடி பத்த வைக்கையில கொஞ்சம் அசந்துருவான் டீச்சரம்மா. நான் அசந்தா எங்கக்கா வெள்ளச் சேல கட்டணும். அப்புறம் அவளுக்கும் இந்தப் பிள்ளைக்கும் நான்தான் கஞ்சி ஊத்தணும். அந்தப் பயம் இருக்கே, அதான் கயிறு."

"அப்ப என் மேல பாசமில்ல" என்றார் மிக்கேல். அவர் அதிகம் பேசாதவர்.

"ஒம்ம மேல என்னத்துக்கு அத்தான் பாசம்? எங்கக்கா தாலி மேலதான்."

எல்லோரும் சிரித்தார்கள். லூர்து மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடிந்ததும் குடும்பத்தோடு மண்டியிட்டுச் செபம் சொன்னார்கள். மிக்கேலின் காவல் சம்மனசுக்கென்று தனியாக ஒரு செபம். ஒவ்வொரு மனிதனையும் காக்க ஒரு தேவதூதர் கூடவே இருப்பார் என்பது அவர்கள் நம்பிக்கை.

படுக்கும் முன் என் நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன்: "இந்த ஊரில் சம்மனசுகளை எல்லோரும் வணங்குகிறார்கள், கயிற்றை மட்டும் மச்சினன் கையில் கொடுக்கிறார்கள்." எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தேன். நல்ல வாக்கியம் என்று தோன்றியது. சத்தமாக யாரிடமும் சொல்லவில்லை. இதை இப்போது அழுத்திச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை திருச்செந்தூருக்குப் போய் முருகனைக் கும்பிட்டு வரலாம் என்று கரி பஸ்ஸில் ஏறினேன். பெட்ரோல் கிடைக்காததால் பின்னால் ஓர் அடுப்பைக் கட்டிக் கரிப்புகையில் ஓட்டுகிறார்கள். ஆறுமுகநேரி உப்பளத்துக்குப் பக்கத்தில் அது மூச்சை விட்டது. கண்டக்டர் இறங்கி அடுப்புச் சக்கரத்தைச் சுற்றினார். உப்பின் வெள்ளையில் கண் கூசியது. எங்கள் மலையில் பஸ் நின்றால் குளிரில் நடுங்குவோம், இங்கே கருவாடாகிறோம். என் பக்கத்தில் ஒரு தாயும் ஐந்து வயதுப் பெண்ணும் இருந்தார்கள்.

"யம்மா, முருகன் கடலு பக்கத்துலயே இருக்காரே, அவருக்கு உப்புக் காத்து ஒத்துக்கிடுமா? வேலு துருப்பிடிக்காதா?"

தாய் தொடையில் கிள்ளினாள். "சாமியப் பேசுத வாய் அழுகிரும். கன்னத்துல போட்டுக்க."

பிள்ளை போட்டுக்கொண்டது. எனக்கு என் சின்ன வயது ஞாபகம் வந்தது. அம்மை கண்ட வீட்டில் மாரியம்மன் வந்திருக்கிறாள் என்றார்கள். வந்தவளை ஏன் வேப்பிலையால் விரட்டுகிறீர்கள் என்று பூசாரியிடம் கேட்டேன். அப்பா வாயில் ஒன்று போட்டார். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு கரைக்கும் வித்தியாசம் இல்லை என்று முடிவு கட்டினேன். என் முடிவு தப்பு என்று அன்று சாயங்காலமே தெரிந்தது. பஸ் ஒருவழியாகக் கிளம்பியது, ஆனால் வந்த வழியே திரும்பிவிட்டது. முருகனைப் பார்க்காமலே ஊர் வந்து சேர்ந்தேன்.

வீட்டில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். வெள்ளைக் கவுன் மறுபடி பொட்டலமாகி அலமாரி மேல் ஏறியிருந்தது. லூர்து சுவரோரமாக நின்றாள். அழவில்லை.

நடந்தது இது. புதுநன்மைப் பிள்ளைகளுக்கு உபதேசியார் கோயில் மண்டபத்தில் ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கிறார். அன்று காவல் சம்மனசைப் பற்றிய பாடம். சொல்லி முடித்து, ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டிருக்கிறார். பெரியவர்கள் சந்தேகம் உண்டா என்று கேட்பது பாடம் முடிந்தது என்று சொல்வதற்காகத்தான். லூர்து எழுந்திருக்கிறாள். "எங்கப்பாவக் காவல் சம்மனசு பாத்துக்கிடும்னா சவேரி மாமா வராத அன்னிக்கு அப்பா ஏன் கடலுக்குப் போகமாட்டேங்காரு?"

மற்ற பிள்ளைகளின் அப்பாமாரும் குளியாட்கள். எல்லாப் பிள்ளைகளும் உபதேசியார் முகத்தைப் பார்த்திருக்கின்றன. அவர் லூர்துவை வெளியே அனுப்பிவிட்டார்.

"ஏளா, நெசத்தச் சொல்லு. இத ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" பிலோமினா இதைப் பத்தாவது முறையாகக் கேட்டாள்போல் இருந்தது.

"யாருமில்ல."

"பின்ன எப்படி வந்துச்சு?"

"வந்துச்சு."

பிலோமினா என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்பதை நான் பார்த்தேன். என் தட்டில் அன்றைக்கும் மீன் விழுந்தது, வால் துண்டு.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்தால் என் நோட்டுப் புத்தகம் பையில் இல்லை. வீட்டில் பிலோமினாவும் இல்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. யாரிடம் கொண்டுபோயிருப்பாள் என்று கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லை. சற்று நேரத்தில் உபதேசியாரே வந்தார். மெலிந்த மனிதர், மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல் கட்டியிருந்தது. கக்கத்தில் குடை, கையில் என் நோட்டுப் புத்தகம். பிலோமினா அவருக்குப் பின்னால் நின்று சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது உங்க கையெழுத்துத்தானே அம்மா? நல்ல கையெழுத்து" என்றார். சங்கிலிருந்து சதையைத் தோண்டி எடுப்பதுபோல அந்த ஒரு வாக்கியத்தை எடுத்து வாசித்தார். சம்மனசு, மச்சினன், கயிறு. எனக்கே கேட்கக் கூச்சமாக இருந்தது.

"எழுதினேன். சொல்லவில்லை" என்றேன். "லூர்துவுக்கு என் எழுத்தைப் படிக்கிற அளவுக்கு வாசிக்க வராது."

"நான் எத்தனையோ பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் குடுத்திருக்கேன். பத்து வயசுப் பிள்ளைக்குப் பசி வரும், தூக்கம் வரும். இப்படிக் கேள்வி வராது. போன மாசம் கடற்கரையில கறுப்புச் சட்டைக்காரங்க கூட்டம் போட்டுச் சாமி எங்கேன்னு கேட்டாங்க. இப்ப கொழும்புலேர்ந்து நீங்க வந்திருக்கிய. இடையில இந்தப் பிள்ளை." பிறகு நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் பிலோமினாவிடம் திரும்பினார். "சனிக்கிழம சாயங்காலம் பிள்ளைகள் பங்குச் சாமியார்கிட்ட பாவம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும். அதுக்குள்ள யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியணும். பேர் வந்தா ஞாயித்துக்கிழம வரிசையில நிக்கட்டும். இல்லேன்னா அடுத்த வருசம் பாக்கலாம்."

தோட்டத்தில் அடித்தார்கள், அடி சீக்கிரம் முடிந்துவிடும். இங்கே விசாரணை. எங்கும் பெரியவர்கள் கேள்விக்குப் பதில் தேடுவதில்லை, இங்கேதான் அந்தக் கேள்விக்கு அப்பன் யாரென்று தேடுகிறார்கள்.

மத்தியானம் லூர்து கொல்லையில் கருவாடு காயப்போட்டுக் காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் சந்தேகம் இருந்தது. ராத்திரி எழுதும்போது என்னையறியாமல் வாய்விட்டுப் படித்தேனோ? இல்லை, மச்சினன் ஏன் என்று நான் கேட்டதிலிருந்தே இவள் மீதியைப் பிடித்துக்கொண்டாளோ?

"லூர்து, அது எப்போது உனக்குத் தோன்றியது? நான் வந்த அன்றைக்கா?"

அவள் என்னை அற்பமாகப் பார்த்தாள். "நீங்க வந்தது புதன்கிழமல்லா. சவேரி மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது மழைக்கு முந்தி."

"காய்ச்சலுக்கும் இதற்கும் என்ன?"

"ஒம்பது நாள் மாமா எந்திரிக்கல. அப்பா கடலுக்குப் போகல. காலையிலயும் கஞ்சி, ராத்திரியும் கஞ்சி. ஆனா அம்மா தெனமும் சம்மனசுக்குச் செபம் சொன்னா, அப்பாவப் பாத்துக்கிடச் சொல்லி. அப்பா பாயில படுத்துக் கெடக்காரு. பாயில கெடக்கிற ஆள என்னத்தப் பாக்க? கடலுக்குப் போனாத்தான பாக்கணும்?"

"அப்போது யாரிடமாவது கேட்டாயா?"

"அம்மாட்ட. சம்மனசு பிடிக்கும்லா, அப்பாவப் போகச் சொல்லும்மான்னேன். அகப்பையால அடிச்சா." மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். அடையாளம் ஒன்றும் இல்லை. இருக்கும் என்று அவள் நம்பினாள்.

அகப்பையால் அடித்த கைக்கு அது மறந்திருக்குமா? நேற்றெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்ட பிலோமினாவுக்கு, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது முன்பே தெரியும்.

சனிக்கிழமை காலை பிலோமினா எனக்குக் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். வழக்கமாக லூர்துதான் கொண்டுவருவாள். டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். காப்பியில் கருப்பட்டி தாராளமாக இருந்தது. அதிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"டீச்சர், நீங்க செவ்வாக்கிழம கப்பலேறிருவிய."

"ஆமாம்."

"நாங்க இங்கனதான கெடக்கணும். இந்தத் தெருவுல எல்லாப் பிள்ளையும் வெள்ளக் கவுன் போட்டுப் போகும். எம் பிள்ள மட்டும் வாசல்ல நிக்கணும். நாளைக்கு ஒரு கலியாணம் காச்சின்னு வந்தாக்கூட, புதுநன்மைக்கு நிறுத்தி வச்ச பிள்ளன்னுதான் சொல்லுவாவ."

"அவளே யோசித்த கேள்வி அது. உங்களுக்கும் தெரியும்."

பிலோமினா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "தெரியும். அதான் பயமா இருக்கு" என்றாள்.

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. நான் சேலையை மாற்றிக்கொண்டு உபதேசியார் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் சங்குக் கிட்டங்கியின் நாற்றம். சதை அழுகிக் கழன்று விழுவதற்காகச் சங்குகளைக் குவித்துவைத்திருக்கிறார்கள். கடைகளில் பளபளக்கிற சங்கு இந்த நாற்றத்திலிருந்துதான் வருகிறது. நடக்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. ஒரு பிள்ளைக்காகப் பழியை ஏற்கிறேன், நான் படித்தவள், தாங்குவேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை.

"நான்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்றேன்.

உபதேசியாரின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உட்காரச் சொன்னார். மனைவியைக் கூப்பிட்டு எனக்கு மோர் கொடுக்கச் சொன்னார். "நான் அப்பவே நினைச்சேன் அம்மா. பிள்ளை நல்ல பிள்ளை" என்றார். தெருவில் நோய்க்குக் காரணம் கிணறுதான் என்று கண்டுபிடித்துவிட்ட சுகாதார அதிகாரிபோல் இருந்தார். கிணறு நான்.

மோரைக் குடித்துக்கொண்டே கேட்டேன்: "சரி, அவள் கேட்டதற்குப் பதில் என்ன?"

"பதிலா? இருக்கே. சம்மனசானவர் சவேரி கை வழியாத்தான் கயிறு பிடிக்கார். சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?"

"பிறகு ஏன் அவளிடம் சொல்லவில்லை?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதன்முறையாக என்னைச் சக வாத்தியாராகப் பார்த்தார். "நீங்களும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிறவங்கதானே. பதில் சொன்னா என்ன வரும்? அடுத்த கேள்வி வரும். அப்ப போன வருசம் ஒருத்தன் மச்சினன் கயிறு பிடிச்சும் மேல வரலியே, அவன் சம்மனசு எங்க போச்சும்பா. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல அம்மா. அவன் பிள்ளை அந்த வகுப்புலதான் உக்காந்திருக்கு."

அந்த மனிதரை அதுவரை வெறுத்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு அது அவ்வளவு சுலபமாக இல்லை. ஆனால் எழுந்து வரும்போது அவர் மேசையிழுப்பறையைத் திறந்து கடிதத் தாள் எடுத்ததையும் பார்த்தேன். "உங்க மடத்து மதருக்கு ஒரு வரி எழுதுறது என் கடமை" என்றார். மோர் நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை. லூர்து கவுனும் முக்காடும் மெழுகுப் பூவுமாக நடந்துபோனாள். நற்கருணை வாங்குவதற்காக முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்த பிள்ளைகள் வாடிய அல்லிபோல வரிசையில் நின்றன. நான் கோயிலுக்குள் வராமலிருப்பது நல்லது என்று பிலோமினா மெதுவாகச் சொல்லியிருந்தாள். வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். தெருப் பெண்கள் என்னைத் தாண்டும்போது பிள்ளைகளை மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். "இவதான் அந்தக் கொழும்புக்காரி" என்று ஒருத்தி சொல்ல, "பாத்தா அப்படித் தெரியலயே" என்றாள் இன்னொருத்தி. "அப்படித் தெரிஞ்சா நம்ம வீட்டுக்குள்ள விடுவமா" என்றாள் முதலில் பேசியவள்.

பூசை முடிந்து சாமியார் பங்களாவில் பிள்ளைகளுக்கு ரொட்டியும் காப்பியும் கொடுத்தார்கள். லூர்து ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே மரத்தடிக்கு வந்தாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நீங்க ஏன் அப்படிச் சொன்னிய?"

"உனக்காகத்தான். இல்லாவிட்டால் இன்றைக்கு நீ—"

"அது என் கேள்வில்லா" என்றாள். பிறகு ரொட்டியைக் கடித்தாள். பசி.

மத்தியானம் ஆட்டுக்கறி, இனிப்புக்குத் தொதல். கவுனில் குழம்பு படக்கூடாது என்று பிலோமினா அவளுக்குக் கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தாள். சவேரி இரண்டாவது முறை கறி கேட்டுக்கொண்டிருந்தபோது லூர்து, "அப்பா, நான் கேட்டதுக்கு யாருமே ஒண்ணும் சொல்லல" என்றாள்.

"ஏளா, இன்னிக்குப் புதுநன்மை வாங்குன வாயி" என்று பிலோமினா கரண்டியை ஓங்கினாள். மிக்கேல் கையைக் காட்டி நிறுத்தினார். சோற்றைப் பிசைவதை விட்டார்.

"கீழ போகையில மாதா, சம்மனசு எல்லாரையும் கூப்பிட்டுக்கிட்டுத்தான் போறேன். சங்கு கையில தட்டுப்பட்டா எல்லாரும் மறந்துபோவும். மூச்சு முட்டும்லா, அப்ப ஒம் மாமன் நெனப்பு ஒண்ணுதான் வரும்."

"அப்ப சம்மனசு?"

"தெரியல மக்கா. நான் கண்ணால பாத்ததில்ல. மேல வந்து கண்ணத் தொடச்சா ஒம் மாமன் மூஞ்சி தெரியும். இருக்குன்னா அதுவும் அந்நேரம் அங்கனதான் நிக்கும்னு நெனச்சிக்கிடுவேன்."

லூர்து இதை நிறுத்துப் பார்ப்பதுபோல் இருந்தாள். கடைசியில் தலையாட்டிவிட்டுத் தொதலை எடுத்தாள். இந்த வீட்டில் பெரியவர் ஒருவர் 'தெரியவில்லை' என்று சொல்லி அப்போதுதான் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் நான் அந்த வார்த்தையை ஒரு பிள்ளையிடமாவது சொல்லியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

"அப்ப எனக்கும் ஒரு மெழுகுதிரி ஏத்துங்க" என்றார் சவேரி. "பீடின்னாலும் சரிதான்."

சிரிப்புக்கு நடுவில் பிலோமினா எழுந்துபோய் வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

திங்கட்கிழமை விடியற்காலை தோணிகள் புறப்படுவதைப் பார்க்கக் கரைக்குப் போனேன். பாய் விரிவதற்கு முன் எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சவேரி கயிற்றைச் சாண் சாணாகக் கையில் ஓட்டி, எங்காவது நைந்திருக்கிறதா என்று பார்த்தார். ஒவ்வொரு நாளும் பார்ப்பாராம். லூர்து கஞ்சிச் செம்பைத் தோணியில் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். முந்தின நாள் மரத்தடியில் பேசியதற்குப் பிறகு என்னோடு பேசாதவள்.

"டீச்சர், வகுப்புல எல்லாப் பிள்ளையகிட்டயும் உபதேசியார் சொல்லிட்டாவ. அது கொழும்பு டீச்சர் கேள்வின்னு. இப்ப எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ."

"நான் போய்ப் பொய் சொன்னேன் என்று சொல்லிவிடட்டுமா?"

"வேண்டாம். அம்மா அழுவா." காலால் மணலைக் கிளறினாள். "நீங்க நோட்டுல எழுதுவியள்லா? கொழும்புல போயி எழுதுங்க. எம் பேரப் போடுங்க."

"உங்கள் உபதேசியார் படித்தால்?"

"கடலுக்கு அங்கிட்டு எழுதுறத அவரு எங்க படிக்கப் போறாரு" என்றாள்.

கொழும்புக்கு வந்து பார்த்தால் உபதேசியாரின் கடிதம் எனக்கு முன்பே வந்து மதரின் மேசையில் கிடந்தது. மதர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: அந்தப் பிள்ளைக்கு அவிசுவாசத்தைக் கற்றுக் கொடுத்தாயா, அல்லது உபதேசியாரிடம் பொய் சொன்னாயா? இரண்டில் எதற்கு வேலை போகும் என்று அவர் சொல்லவில்லை. யோசித்துப் பதில் சொல்ல எனக்கு மாத முடிவுவரை தவணை. ஆக்னேசு என்னோடு பேசுகிறாள், ஆனால் அக்காளைப் பற்றிக் கேட்பதில்லை. தப்பிப்பதற்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன் என்று சிலர் நினைப்பார்கள். நினைக்கட்டும். மதருக்கு எழுதும் பதிலிலும் இதையேதான் எழுதப் போகிறேன்.

கேட்டது லூர்து. தூத்துக்குடிச் சங்கு குளியாள் மிக்கேலின் மகள், வயது பத்து. மழைக்கு முன்னால், மாமா காய்ச்சலில் கிடந்த ஒன்பது நாளில் அவளே யோசித்தது. நான் அதை எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான்.